எட்டு கண் மூடிய இரவு

பெரியகல்லாற்றில் மூன்றாம் நாள் மழை.
விடிந்தால் இறுதி ஆட்டம்.
பதினெட்டு ரீசேர்ட், மேலதிகமாய் நாலே நாலு.

முதலாவதை உயர்த்திப் பார்க்கிறேன்.
கல்லாறு என்ற சொல்லில்
‘ல்’லின் புள்ளி ஊறிப் பெருத்து
பக்கத்து எழுத்தின் தோளில் சாய்ந்து கிடக்கிறது.
முதுகில் எட்டாம் இலக்கம்,
இரண்டு கண்ணும் மூடிப் போயிற்று.

மை தண்ணியோ?
பைண்டர் கூட்டிக் கலக்கினேன்.
சட்டித் தயிர்போலக் கரண்டியை விடாமல் நிற்கிறது.
குற்றம் அதில் இல்லை.

இடைவெளி போதாதோ?
சட்டத்தின் நாலு மூலைக்கும் கீழே
இரண்டு ரூபாய்க் குற்றிகள் வைத்தேன்.
இழுத்த கையோடு
வலை சீலையை விட்டு டப்பென்று எழும்பியது,
எனக்குப் பிடித்த சத்தம்.
ஆனாலும் கசிந்தது.

பிறகு மிதுர்ஷன்மேல் பாய்ந்தேன்.
“ரப்பரை இப்படி அமத்தாத எண்டு
எத்தினதரம் சொல்லுற?
மாடு உழுறியோ இஞ்ச?”
அவன் வாய் திறக்கவில்லை.
அடுத்ததை இரண்டு விரலால் இழுத்தான்,
குழந்தையின் முகம் துடைப்பதுபோல.
அதுவும் கசிந்தது.
ஐந்தாவதை நானே இழுத்தேன்.
என் கையிலும் அதே சேறு.

அப்போது கரண்ட் போனது.

இருட்டுக்குள் அவன் சட்டத்தைத் தூக்கி
அடியால் போன் வெளிச்சத்தைப் பிடித்தான்.
வலையின் கண்ணுக்குக் கண்
தண்ணீர் மினுங்கியது.

“அக்கா, ஒண்டு சொல்லட்டா?
ஒவ்வொருக்காலும் ஈரப் பஞ்சால
அடியத் துடைக்கிறீங்க.
மறுகா, காய விடாம வைக்கிறீங்க.”

மழைச் சத்தம் நல்லதாய்ப் போயிற்று.
பஞ்சை வாளிக்குள் போட்டேன்.
காய்ந்த சாரத்துண்டு ஒன்றால் நான் ஒற்ற
பிஸ்கட் பெட்டி மூடியால் அவன் விசிறினான்.
பழைய பத்திரிகையில், மணமகன் தேவைப் பக்கத்தில்,
மூன்று இழுவை:
கல்லாறு, நிழலோடு.
கல்லாறு, கொஞ்சம் நிழலோடு.
கல்லாறு.

புள்ளி புள்ளியாய் நின்றது.

விடியப்புறம் மூன்று மணிக்குக் கணக்குப் பார்த்தோம்.
பழுது ஐந்து, மேலதிகம் நாலு.
எட்டுக்கு மட்டும் மாற்று இல்லை.

ஏழு மணிக்கு நிரோஜன் வந்தான்,
அணித்தலைவன், எட்டும் அவன்தான்.
விரித்துப் பார்த்தான்.
“இதென்ன, என்ர எட்டு நித்திரையோ?”

என் வாய்க்குள் ஒரு சொல்
கசியவும் இல்லை, காயவும் இல்லை.

“மழையண்ணே,” என்றான் மிதுர்ஷன்,
குற்றிகளைப் பொறுக்கிக்கொண்டே.
“ஊரே ஊறிக் கிடக்கு.”

எட்டுக் குற்றிகளையும்
மேசையில் என் பக்கமாய்த் தள்ளி வைத்தான்.