பல் தடம்

ஜிம்பாப்வேயில், கோக்வேக்கு அப்பால்
பருத்திக் காட்டு நடுவே எங்கள் பள்ளி.
ஆய்வகத்துக்கு முப்பது புட்டி கேட்டு
மூன்று வருடமாக எழுதுகிறேன்.
பதில் ஒருமுறை வந்தது:
படிவம் தவறு.

புட்டிகள் கழிப்பறைக்குப் பின்னால் கிடைத்தன.
பழுப்புக் கண்ணாடி, நூறு மில்லி, மூடியோடு.
இருமல் மருந்து.
பள்ளியில் யாருக்கும் இருமல் இல்லை.

பொறுக்கினேன். வெந்நீரில் ஊறப்போட்டு
லேபிளைச் சுரண்டினேன்.
அமிலம், காரம், உப்புக் கரைசல் என்று எழுதி ஒட்டினேன்.
தலைமையாசிரியர் சிவாசா எட்டிப் பார்த்து
"நல்ல சிக்கனம்" என்றார்.
எங்கிருந்து என்று அவர் கேட்கவில்லை,
நானும் வாயைத் திறக்கவில்லை.

ஷிங்கிராய், போன வருடம்,
ஒரே சொட்டில் கரைசல் வெளிறிய ரோஜாவாகும் கணத்தில்
குழாயை நிறுத்திவிடுவான்.
எனக்கே அந்தக் கை கிடையாது.
இந்த வருடம் குழாய் திறந்தே கிடக்கிறது.
குடுவை அடர்ந்து சிவக்கிறது.
அவன் ஜன்னலைப் பார்த்துச் சிரிக்கிறான்.

நேற்று எல்லோரும் போனபின்
அலமாரி முன் நின்று
தொட்டுத் தொட்டு எண்ணினான்.
"இதில் பதினொன்று என்னுடையது, மேடம்."
எப்படித் தெரியும்?
"மூடியைப் பல்லால்தான் திறப்பேன்."

பார்த்தேன்.
கழுவியது நான்.
ஒவ்வொரு மூடியையும் திருகி மூடியதும்
இதே விரல்கள்.

அவன் சட்டைப்பையில் இன்னொன்று கனத்தது.
கேட்கவில்லை.
முக்காலியை இழுத்துப் போட்டேன்.
வெளியே பருத்தி லாரி இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போனது,
என்னை ஏற்றிப் போகும் லாரி.
அவன் உட்காரவில்லை.
போகவும் இல்லை.