முதலெழுத்து

ஹொச ஊரு என்று கன்னடத்தில் பெயர் வைத்துக்கொண்டு
தெலுங்கில் பேரம் பேசி
தமிழில் வரி கட்டுகிற ஊர் இது, ஓசூர்.
பாகலூர் சாலையில் ஜெராக்ஸ் கடைக்கு மாடி,
இ-சேவை மையம்.
சர்வர் சுற்றும் நேரத்தில் மேசைக்கடியில் படிக்கிறேன்.
சனிக்கிழமை கிருஷ்ணகிரியில் தேர்வு:
தொலைநிலை எம்.ஏ., நான்காம் தாள், கிழக்காசியா.

வடக்கே குளிர்ப் புல்வெளியிலிருந்து இறங்கிய குதிரைக்காரர்கள்
சீனத்தில் பாதியை ஆண்டார்கள்.
அவர்களில் ஓர் அரசன்
தன் சனத்தைத் தெற்கே நடத்திப் போனான், லோயாங்குக்கு.
போன பிறகு ஆணைகள்.
அவையில் தாய்மொழி கூடாது.
முப்பது தாண்டியவருக்கு நாக்கு வளையாது, பொறுக்கலாம்;
அதற்குக் கீழே என்றால் பதவி போகும்.
நூற்றுக்கும் மேற்பட்ட குலப்பெயர்களை
நீளம் பார்த்து நறுக்கினார்கள், ஒற்றை அசையாக.
அரசனே துவோபாவைக் கழற்றிவிட்டு
யுவான் என்று மாட்டிக்கொண்டான்.
யுவான் என்றால் முதல்.
பட்டத்து இளவரசன் பருத்த உடம்பு,
வெயில் தாங்காமல் வடக்கே ஓடப் பார்த்தான்.
அடுத்த வரியில் அவன் இல்லை.

டோக்கன் நாற்பத்தொன்று.

ரோஜாப் பண்ணை ஆள். விரலெல்லாம் முள் கிழித்த கோடு.
பெயர் பிதேஷி நாயக். ஊர் போலாங்கீர், ஒடிசா.
அர்த்தம் கேட்டேன், சும்மாதான்.
வெளிநாட்டான் என்றார்.
முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லையாம்.
இவன் வேறெங்கோ பிள்ளை என்று எமன் விட்டுவிடட்டும்,
அதற்காக அம்மா வைத்தது.
வயது முப்பத்தொன்று.
அரசன் பொறுத்திருப்பான்.

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர்.
ஒத்துப்போகணுமாம்.
கவரைக் கவிழ்த்துத் தாள்களைத் தேடினார்.
ஓசூர் மாநகராட்சி இறப்புச் சான்று ஒன்று வந்து விழுந்தது.
தம்பி. போன ஐப்பசி.
ஆம்புலன்சுக்கு எண்பதாயிரம் கேட்டார்கள்,
இங்கேயே எரித்துவிட்டோம் என்றார்.
லோயாங்கில் செத்தவர் லோயாங்கிலேயே புதைய வேண்டும்,
பிணம் வடக்கே போகக் கூடாது:
அதற்கும் ஓர் ஆணை உண்டு, பக்கம் நூற்றுப்பன்னிரண்டு.
இங்கே ஆணை கிடையாது.
கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ரேட் உண்டு.

“லிப்சா நாயக்” என்று அடிக்கத் தொடங்கினேன்.
“நாயக் வேணாங்க்கா” என்றது மேசை விளிம்பில் ஒரு மூக்கு.
“பி போட்டு புள்ளி. அப்புறம் லிப்சா.
மிஸ் அப்படித்தான் சொன்னாங்க.”
அவர் ஒடியாவில் ஏதோ கேட்டார்.
அவள் தமிழில் பதில் சொன்னாள்.

எங்கள் வீட்டுப்பேர் சிந்தகுண்ட.
புளியமரத்துக் குட்டை. எந்த ஊர்க் குட்டையோ,
அப்பா திம்மராயப்பாவுக்கே தெரியாது.
ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று
தி., நாகவேணி என்று எழுதிக்கொண்டார்கள்.
அன்று எனக்கு மிட்டாய் வாங்கித் தந்தார்.
குட்டையைப் பற்றி இன்றுதான் நினைக்கிறேன்,
அதுவும் ஒரு சீன அரசன் சொல்லி.

அச்சுத் தாளை வெகுநேரம் பார்த்தார்.
பிறகு புள்ளிக்கு முன்னால் விரல் வைத்து
“இது… நானு?”
ஆமாங்க. நீங்கதான்.

ஐம்பது ரூபாய். நூறாக நீட்டினார்.
மீதிக்கு என்னிடம் சில்லறை மட்டும்தான்.
உள்ளங்கையில் வாங்கி அந்தப் பெண் எண்ணினாள்:
ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு…
மேஸ்திரி வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட்டாம்.
அவள் எண்ணி முடிக்கிறவரை
அடுத்த டோக்கனை நான் கூப்பிடவில்லை.