வியாழக்கிழமைத் தலைவலி

மலாவியின் வடக்கே, தார்ச்சாலை முடிந்து
செம்மண் தொடங்கும் இடத்தில்
ஒரு சுகாதார நிலையம்.
அதன் வாசல் மேஜையில்
பதினோரு வருடமாக நான் எழுதுகிறேன்:
பெயர், வயது, ஊர், என்ன தொந்தரவு.
நான்கே கட்டம்.

ஆகஸ்டில் ஒரு வியாழன், லுசுங்கு வந்தாள்.
பள்ளிச் சீருடையின் மேல்
அம்மாவின் சிதென்ஜெத் துணியைச் சுற்றியிருந்தாள்.
வயது? பதினைந்து.
என்ன தொந்தரவு?
அவள் சொல்லவில்லை.
துணி சொன்னது.

மாமரத்தடியில் காத்திருந்தவர்கள்
நர்ஸ் வருவதற்குள் தீர்ப்பை முடித்துவிட்டார்கள்.
ஒருத்தி தாயைச் சொன்னாள்.
ஒருத்தி செல்போனைச் சொன்னாள்.
ஒருவர் சைக்கிள் டாக்ஸி மபோப்பாவின் பெயரைச் சொல்லித்
தரையில் துப்பினார்.

மபோப்பாவுக்கு இருபத்தாறு வயது.
அவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.
சட்டம் இருக்கிறது, ஸ்டேஷன் இருக்கிறது, போகட்டும்.
ஆனால் தினமும் காலையில் அவளை ஏற்றிக்கொண்டு
காசு வேண்டாம் என்று அவன் சொன்னதை
நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.
நல்ல பையன் என்றோம்.

பாலம் போன மழையில் போனது.
இல்லை, அதற்கும் முந்தின மழையில்.
ஆற்றைக் கடந்தால் பள்ளிக்கூடம் அரை மணி,
சுற்றிப் போனால் ஒன்பது கிலோமீட்டர்.
புதுப் பாலத்துக்கென்று வீட்டுக்கு
இரண்டாயிரம் குவாச்சா வாங்கினார்கள்.
ரசீது என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

அந்தப் பள்ளிக்கூடத்தில்
தவளையின் இனப்பெருக்கம் வரை நடத்திவிட்டு
அடுத்த பாடத்தை வீட்டில் படித்துக்கொள்ளச் சொன்னார்
ம்சிஸ்கா வாத்தியார்.
வீட்டில், அப்பா புகையிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தார்.
அத்தை பேசுவாள் என்று அம்மா இருந்தாள்.
தேவாலயத்தில் பேசுவார்கள் என்று அத்தை இருந்தாள்.
தேவாலயத்தில் பாடினார்கள்.

கூட்டம் கலைந்த மதியம்
பதிவேட்டைப் பின்னால் புரட்டினேன்.
எதைத் தேடுகிறேன் என்று
என் விரலுக்குத் தெரிந்திருந்தது.

பிப்ரவரி. வியாழன். என் கையெழுத்து.
லுசுங்கு. தலைவலி. பாராசிட்டமால் பத்து.

அன்று அவள் மேஜைமேல் குனிந்து
மெல்ல ஏதோ கேட்டாள்.
"சத்தமாச் சொல்லு, என்ன வேணும்?" என்றேன்.
பெஞ்சில் பதினேழு பேர்,
அதில் ஒருத்தி அவளுடைய பெரியம்மா.
அவள் கண்கள் பெஞ்சின் கடைசிவரை போய்
வெறுங்கையோடு திரும்பி வந்தன.
தலைவலி, என்றாள்.
எழுதினேன்.

அவள் கேட்க வந்தது
என் முதுகுக்குப் பின்னால், கைக்கெட்டும் அலமாரியில்
மூன்று பெட்டி நிறைய இருந்தது.
ஜூனில் காலாவதியாகித் திருப்பி அனுப்பினோம்.
அந்தத் தாளிலும் என் கையெழுத்துதான்.

டிசம்பரில் வேறொரு படிவம் நிரப்புவேன்.
தகப்பன் பெயருக்கு அதில் ஒரே ஒரு கோடு,
சுண்டுவிரல் நீளம்.
மபோப்பாவை எழுத அது போதும்.
எங்களை எழுத எந்தப் படிவத்திலும் இடமில்லை.

அடுத்த வியாழன் விடியற்காலையில் போய்
மேஜையை உள்ளே, கதவுக்குப் பின்னால் இழுத்துப் போட்டேன்.
பெஞ்சை மாமரத்தடிக்குத் தள்ளினேன்.
எதற்கு என்று கேட்ட நர்ஸிடம்
கண் கூசுகிறது என்றேன்.
என்ன தைரியம் பாருங்கள் எனக்கு.

ஒருவரும் வரவில்லை, மலேரியாவைத் தவிர.
அதற்கடுத்த வாரமும் அப்படியே.

மூன்றாவது வாரம் ஒரு பையன்.
மபோப்பாவின் தம்பி, பதினாறு வயது,
யாரோ கொடுத்த பெரிய கால்பந்துச் சட்டை.
மேஜையின் விளிம்பைப் பார்த்தபடி
தலைவலி, என்றான்.

பேனாவை மூடினேன்.
எழுந்து கதவையும் மூடினேன்.
இதை எப்படித் தொடங்குவது என்று
இத்தனை வருடத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.
"உட்காரு," என்றேன்.