ஐந்து பக்கம்

வீட்டோடு வந்தது மேசை.
லிஃப்டில் நுழையாது, படியில் திரும்பாது என்று
முன்பு இருந்தவர்கள் விட்டுப்போனார்கள்.
பதினோராம் மாடிக்கு அது எப்படி ஏறியதென்று
ஜெலுத்தோங்கில் எவருக்கும் தெரியவில்லை.

ஐந்து பக்கம்.
பக்கத்துக்கு முப்பது அங்குலம்.
ஒரு முனையில் மட்டும்
யாரோ இஸ்திரிப் பெட்டியை மறந்த கறுப்பு.
தொழிற்சாலையில் நாளெல்லாம் அளவு பார்ப்பவள் நான்,
மூலையை அளந்தேன். நூற்றெட்டு பாகை.
"தைப்பூசத்துக்குத் தேங்காய் உடைக்கிற கணக்கு"
என்று சிரித்தார் குணசீலன்.
நாற்காலி தேடப் போனபிறகு சிரிக்கவில்லை.

நான்கு விற்கிறார்கள்.
ஆறு விற்கிறார்கள்.
எட்டு வாங்கினால் தொண்ணூறு வெள்ளி குறைக்கிறார்கள்.
ஐந்து என்றால்
குடும்பத்தில் ஏதோ நடந்துவிட்டது என்பதுபோல் பார்க்கிறார்கள்.

நடந்துதான் இருந்தது.
நாங்கள் இரண்டு பேர்.
ஒரு சனிக்கிழமை விட்டு மறு சனிக்கிழமை
அவர் மகள் ஃபெர்ரியில் வருவாள், மூன்று.
"மூன்று போதாதா?" என்றார்.
போட்டுப் பார்த்தோம், பிளாஸ்டிக் நாற்காலிகளை.
பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது.

அட்டையில் ஒரு மூலையை வெட்டிப்
பைக்குள் வைத்துக்கொண்டேன்.
கடை கடையாக அதை விரித்து
இருபுறமும் நாற்காலியை நகர்த்திப் பார்ப்பேன்.
கை வைத்தவை ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.
முதுகு உயர்ந்தவை
சம்பள உயர்வு இல்லை என்று சொல்லும் கூட்டம்போல் நின்றன.
முக்காலி அழகு. குணசீலனின் இடுப்பெலும்பு சம்மதிக்கவில்லை.
பாயான் பாருவில் மிஸ்டர் ஊய்
அட்டையை வெளிச்சத்தில் பிடித்து
"பட்டமா விடப்போறீங்க?" என்றார்.
அவரிடம்தான் வாங்கினோம்.
கையில்லாதவை, முதுகு ஒடுங்கியவை,
நான்கு.

ஐந்தாவது
லோரோங் கூலிட் பழைய சந்தையில்,
முப்பத்தைந்து வெள்ளி.
பச்சைப் பெயிண்ட், பிரம்பு இருக்கை,
மற்றவற்றைவிட ஓர் அங்குலம் தாழ்வு.

அது யாருக்கு என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
ரூபாஷினி அதில் உட்கார்ந்தால்
அம்மாவிடம் சொல்வாள்.
உட்காராவிட்டாலும் சொல்வாள்.
ஆகவே அவள் வருமுன் நானே உட்கார்ந்துகொண்டேன்,
கணவாய் சம்பாலை நடுவில் வைத்துவிட்டு.

வந்தாள்.
காதில் மாட்டியதைக் கழற்றாமல்
தட்டை எடுத்துக்கொண்டு போய்
பால்கனிக் கதவோரம் நின்றே சாப்பிட்டாள்.
பாலத்தைப் பார்த்தபடி.
நான்கு ஒரே மாதிரி நாற்காலிகள்
அதில் மூன்று காலி.

அடுத்த முறை உட்கார்ந்தாள்,
விளிம்பில், பையை மடியில் வைத்து.
பாதிச் சோற்றில் சொன்னாள்:
"இந்த மேசைல எங்க உட்கார்ந்தாலும்
எதிர்ல ஆளே இல்ல ஆண்ட்டி."

குறையா, நிம்மதியா?
மில்லிமீட்டரில் பிழை பிடிப்பவளுக்கு
அந்தக் குரல் பிடிபடவில்லை.

நிமிர்ந்தேன். உண்மைதான்.
எனக்கு நேரே இஸ்திரிக் கறை.
அவளுக்கு நேரே வெறும் முனை, அப்புறம் வெளிச்சம்.
அவர் தன் முனையோடு
மீன்முள் எடுத்துக்கொண்டிருந்தார்.
எதிரெதிர் இல்லாமல் செய்திருக்கிறான் எவனோ.
திரும்பினால் பார்க்கலாம்.
திரும்பாவிட்டால் கோபம் என்று அர்த்தமில்லை.
நான் இன்னும் கொஞ்சம் சம்பால் தள்ளினேன்,
திரும்பாமலே.
எடுத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை
ரசம் கொதிக்கிறதென்று நான் தாமதித்து வந்தால்
பச்சை நாற்காலியில் அவள்.
என் முகத்தில் என்ன ஓடியதோ,
"இதுலதான் கால் தரைல படுது" என்றாள்.

பக்கத்துப் பக்கத்தில்
புது நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.
ஓர் அங்குலம் உயரம்.
தட்டு கொஞ்சம் தூரத்தில் இருந்தது.
இரண்டு முறை சிந்திவிட்டேன்.