பதினொன்றாம் எண்

அப்பா கடலூர் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறவர்.
"புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது" என்று
ஆள் இல்லாமல் செய்தியில் வாசிப்பார்களே,
அந்தக் கயிற்றின் முனையில் இருந்தது அவர் கை.

எனக்கு அப்போது இருபத்திரண்டு.
எம்.எஸ்ஸி.யைப் பாதியில் விட்டுவிட்டு
மஞ்சக்குப்பம் வீட்டின் பின்னறையில் படுத்தேன்.
எழுந்திருக்கவே இல்லை என்றால் பொய்.
எழுந்தேன். பிரஷ்ஷைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
பேஸ்ட் மூடியைத் திருகுவதற்குள்
வெயில் சுவரிலிருந்து இறங்கியிருக்கும்.

தலை சடைபிடித்தது.
அம்மா சீப்போடு வந்தாள், எண்ணெயோடு வந்தாள்,
கடைசியில் கத்தரிக்கோலோடு.
வெட்டிய முடியைத் தினத்தாளில் சுருட்டியபோது
அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.
திருவந்திபுரத்தில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டாள்,
தனக்கு.
பக்கத்து வீட்டு ரெஜினா அக்காவிடம்
"தைராய்டு" என்றாள்.

எனக்குத் துக்கம் இல்லை. இதை யாரும் நம்புவதில்லை.
துக்கம் என்றால் அழுதிருப்பேனே.
சங்கரா மீன் குழம்பு வாயில்
நனைந்த அட்டைபோல் இருந்தது, அவ்வளவுதான்.

மன அழுத்தம் என்கிறார்கள்.
எது அழுத்தியது? எதுவும் இல்லை.
கடலில் காற்று மெலிந்துபோகும் இடம் ஒன்று உண்டு,
சுற்றியிருப்பதெல்லாம் அதற்குள் ஓடிவரும் என்பார் அப்பா.
தாழ்வு மண்டலம்.
அந்தப் பெயரையாவது எனக்குக் கொடுத்திருக்கலாம்.

ஒரு கார்த்திகைக் காலை
காக்கிச் சட்டையோடு கதவருகில் நின்று
"எத்தனாம் நம்பர்?" என்றார்.
கிண்டல் என்று நினைத்தேன்.
அவரோ தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
மூன்று விரல் காட்டினேன்.
தலையாட்டிவிட்டு சைக்கிளை எடுத்தார்.

அதற்குப் பிறகு தினமும்.
நாலு. நாலு. ஐந்து. நாலு.
ஒன்பது காட்டிய அன்று வேலைக்குப் போகவில்லை.
என் அறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து
தண்ணீர் மோட்டாரைக் கழற்றி மாட்டினார், இருட்டும்வரை.
அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பதினொன்று கடைசி எண்.
பத்தைவிடப் பெரிய புயல் என்று அர்த்தமில்லை.
வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது,
இனி எங்களுக்கு ஒன்றும் தெரியாது, அதுதான்.
தை நாலாம் நாள்
பத்து விரலையும் விரித்தேன். போதவில்லை.
நாக்கை நீட்டினேன்.

அப்பா சிரிக்கவில்லை.

மறுநாள் விடிவதற்குள் பாண்டி பஸ்.
கன்னியகோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம்,
ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிவிடலாம் போலிருந்தது.
ஜிப்மர் வரிசையில் எங்களுக்கு முன்னால்
ஒரு பெரியவர் பிளாஸ்க்கைக் கட்டிக்கொண்டு தூங்கினார்.
டாக்டருக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட.
"எத்தனை நாளா இப்படி?"
அப்பா பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்தார்.
தேதிவாரியாக என் எண்கள்.
பழக்கதோஷம், பக்கத்தில்
காற்றின் திசையும் குறித்திருந்தார்.
டாக்டர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.
ஜெராக்ஸ் எடுத்துக்கலாமா என்று கேட்டார்.

முதல் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை.
இரண்டாவதில் நாக்கு வறண்டது, ஆறு கிலோ ஏறியது.
சித்திரையில் ஒரு மத்தியானம்
"குழம்புல உப்பு கூட" என்றேன்.
அம்மா கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.
அடுத்த சனிக்கிழமை மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்து
ரெஜினா அக்காவிடம் சொன்னாள்:
"தைராய்டு குணமாயிடுச்சு."

ஆகவில்லை. இப்போது முப்பத்தொன்று,
நெய்வேலியில் வேலை, இரவில் ஒரு மாத்திரை.
இரண்டு முறை நிறுத்திப் பார்த்தேன்,
இரண்டு முறையும் அதே பின்னறை.
அப்பா ஓய்வுபெற்றுவிட்டார்.
ராத்திரி போன் வரும்.
"எத்தனை?"
"ரெண்டு."
"இங்க தூறுது" என்பார். வைத்துவிடுவார்.

போன வாரம் வைப்பதற்கு முன்
"உங்களுக்கு எத்தனைப்பா?" என்றேன்.
ஒன்பது வருடத்தில் முதல்முறை.
டிவியின் சத்தத்தை அவர் குறைப்பது கேட்டது.

"இருக்கும்," என்றார்,
"ஒரு நாலு."