நாலு நாடா

முன்னீர்பள்ளத்துச் செங்கல் சூளையை மூடியபோது
மிஞ்சியவை
உடைந்த கல் நாலு லோடு, ஒரு சங்கிலி,
சங்கிலியின் முனையில் ஆறு வயது நாய்.
கல்லுக்கு ஆள் வந்தது. சங்கிலிக்கும் வந்தது.
பேரென்ன என்று கேட்டதற்கு
'ஏய்'னுதான் கூப்பிடுவோம் என்றார் மேஸ்திரி.
செவலை என்று வைத்துக் கூட்டி வந்தேன்.

சுத்தமல்லியில் முதல் சாயங்காலம்
சோறு தின்றது, தண்ணீர் குடித்தது,
தையல் மிஷினுக்கு அடியில் சுருண்டு
மிதிக்கிற என் பாதத்தை முகர்ந்தது.
சொசைட்டி வேலை முடித்துப் பூதத்தான் வந்தார்,
கக்கத்தில் ஊன்றுகோலோடு.

நடந்ததை அவர் வேட்டியில் இன்னும் பார்க்கலாம்.
மூன்று இடத்தில் தைத்திருக்கிறேன்.

சூளையில் எதனால் அடித்தார்கள் என்று
யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
காது பின்னால் ஒட்டும், உதடு மேலேறும்,
கண் கோலின் நுனியை விட்டு நகராது.
கோல் உயர்ந்தால் வலி,
உயருமுன் கடி.
அதற்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

"ஒரே போடு, சவம் அடங்கிரும்" என்றாள் எதிர்வீட்டு ஸ்டெல்லா.
அவள் வீட்டுக்காரர் வண்டிக்குப் போன் போடச் சொன்னார்.
பூதத்தான் ஒன்றும் சொல்லவில்லை.
கோலைக் கதவுக்கு வெளியே சாத்திவிட்டு
சுவரைப் பிடித்துப் பிடித்துக் குளிக்கப் போனார்.
அதைப் பார்த்துத்தான்
அளவு நாடாவை எடுத்தேன்.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லியிருந்தார்:
பயப்படாத தூரத்தில் அது கோலைப் பார்க்கணும்.
பார்த்த நொடியில் நல்லது நடக்கணும்.
உறுமினால் அதட்டாதீங்க, தள்ளிப் போங்க.
உறுமலைப் பறித்தால்
அப்புறம் சொல்லாமல் கடிக்கும்.

நாலு நாடா. இருபது அடி.
துணிக்குப் போடும் நீலச் சாக்கால் முற்றத்தில் கோடு.
கோட்டுக்கு அந்தப்பக்கம்
ஆளில்லாமல் படுத்துக் கிடந்தது கோல்.
பார்த்தது. கோழி ஈரல் வந்தது.
பார்த்தது. வந்தது.
கொக்கைப் பார்த்தது. வரவில்லை.

தினமும் ஐம்பது கிராம் ஈரல் கேட்டதில்
"வீட்ல யாரும் முழுகாம இருக்காகளா?" என்றார் மைதீன்.

பதினெட்டு. பதினாறு.
பதினாறிலேயே ஒன்பது நாள்.
பதினாலில் கோல் நிமிர்ந்தது, என் கையில்.
பன்னிரண்டில் பூதத்தான் கையில்,
நாற்காலியில் உட்கார்ந்து
முகத்தைப் புளியமரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு.
கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டாம் என்றிருந்தேன்.
"இருபத்தாறு வருசமா எல்லாரும் என் காலத்தான் பாத்தாக.
இது ஒண்ணுதான் கோலப் பாக்கு"
என்றார் புளியமரத்திடம்.

தீபாவளி வெடி.
ஒரே ராத்திரியில் மறுபடி இருபது.
அன்று நானும் கத்தினேன். நாயை இல்லை.
ஏன் இப்படி டக்கு டக்குன்னு ஊன்றுகிறீர்கள் என்று
அவரை.

மறுநாள் காலையில்
அவரே சாக்கை எடுத்துக் கொடுத்தார்.
கோலின் அடியில்
பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றியிருந்தார்.

தை பிறந்து நாலாம் நாள். மூன்றடி.
செவலை எழுந்தது.
எனக்கு ஊசி பாதித் துணியில் நின்றது.
ரப்பர் முனையை முகர்ந்தது,
கோல் வழியே மேலே மேலே பார்த்து
அவர் முகத்துக்கு வந்து சேர்ந்தது:
எங்கே என் ஈரல்?
கொடுத்த விரல்கள்தான் நடுங்கின.
"இனி நானே கோலு வேண்டாம்னாலும் இது விடாது போலிருக்கே."

கதவுக்கு இன்னும் தாழ் போடுகிறேன்.
கிடை ஆடு போகையில் கம்பைக் கண்டு உறுமுகிறது.
உறுமட்டும். சொல்கிறதே.

இப்போது கேட்டுக்கு வெளியே
ஸ்டெல்லா மகன் ஜெபின், கையில் கிரிக்கெட் மட்டை,
உள்ளே வரலாமா என்கிறான்.
நீலக் கோடு மழையில் போய்விட்டது.
கழுத்திலிருந்து நாடாவை உருவுகிறேன்.
அங்ஙனயே நில்லு தம்பி,
மட்டையைக் கீழே வை.