மூன்று நாற்பது

இடைவிலகல்: நாற்பத்தொரு வீதம்.
காரணம் என்ற கட்டத்தில்
போன வருடம் வந்தவர் எழுதியிருந்தார்
ஆர்வமின்மை என்று.
அதற்கு முந்திய வருடத்தவரும் அதையே.
கையெழுத்து மட்டும் வேறு.

வாழைச்சேனை நிலையத்தில்
எனக்கொரு மேசை போட்டார்கள்.
ஒரு கால் கட்டை.
அதற்கு அண்டை கொடுத்திருந்தது
எங்கள் அலுவலகத்தின் பழைய மதிப்பீட்டறிக்கை,
எட்டாய் மடித்து.
நான் பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.
மேசை ஆடவுமில்லை.

படகு இயந்திரம் திருத்தும் வகுப்பு, ஆறு மாதம்.
இருபத்தேழு பேர் தொடங்கிப்
பதினாறு பேர் முடித்தார்கள்.
வரவு இடாப்பைப் புரட்டினால்
காலைக் கையொப்பம் எல்லாருக்கும் இருக்கிறது.
மாலைக் கையொப்பத்தில்
சிலருக்கு மட்டும் சிவப்பு வட்டம்,
நாள் தவறாமல்,
தட்டச்சில் அடித்ததுபோல.
மனம் போனபடி வராமல் விடுகிறவன்
இத்தனை ஒழுங்காகவா விடுவான்?

பெயர்களை விட்டுவிட்டு
ஊர்களை எழுதிப் பார்த்தேன்.
காயான்கேணி. மாங்கேணி. பனிச்சங்கேணி.
கதிரவெளி, கதிரவெளி, மறுபடியும் கதிரவெளி.
ஒரே தெரு.
அந்தத் தெருவுக்குக் கடைசி பஸ்
மூன்று நாற்பதுக்கு.

செய்முறை வகுப்பு மூன்று மணிக்குத்தான்.
இயந்திரத்தைச் சட்டத்தில் ஏற்றி முறுக்கவே
இருபது நிமிடம் போகும்.
மூடியைத் திறக்கும்போது
வடக்குப் பிள்ளைகள் சந்தியில் நிற்பார்கள்.

“அட்டவணை மேலிருந்து வந்தது, மிஸ்”
என்றார் போதனாசிரியர் லோகிதராசா.
கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.
துடைத்த துணி கையைவிடக் கறுப்பு.

பதினொரு இலக்கங்களில்
ஐந்து வேலை செய்தன.
“ஆர்வம் இல்லாமலா கா
விடியச் சாமம் எழும்பி வந்த?”
கேட்டுவிட்டு வைத்துவிட்டான் நிரோஜன்.
டிலுக்சனா வைக்கவில்லை.
காபரேட்டர், இம்பெலர், கியர்ப்பெட்டி,
பெற்றோல் போகும் வழி, தண்ணீர் வரும் வழி
எல்லாம் ஒப்பித்தாள்.
மறுகா சொன்னாள்:
“மூடினபடிதான் மிஸ் கண்டிரிக்கன்.
ஒரு நாளும் திறந்து காணயில்ல.
பஸ்ஸ விட்டா ராவைக்கு எங்க படுக்கிற?”

பரிந்துரை ஒரு வரி:
செய்முறையைக் காலைக்கு மாற்றவும்.
பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார்.
“இதுக்கா மூண்டு நாள் படி?”
ஆகவே முப்பத்தெட்டுப் பக்கம் சேர்த்தேன்.
பின்னணி, முறையியல்,
மூன்று நிறத்தில் வட்டப்படம்.
அந்த ஒரு வரி
பக்கம் முப்பத்தொன்றில் மூச்சடக்கிக் கிடந்தது.
பதில் வந்தது:
கவனத்தில் எடுக்கப்பட்டது.

லோகிதராசா பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
அடுத்த அணிக்கு நான் போனபோது
காலை எட்டு ஐம்பதுக்கே
ஓர் இயந்திரம் குடல் வெளியே கிடந்தது.
சுற்றிவரப் பத்துத் தலை.
அட்டவணை சுவரில் அப்படியே, பழையபடி.
எங்கள் இருவருக்கும் அது கண்ணில் படவில்லை.

மூன்று நாற்பது பஸ்ஸில்
நகக்கண்ணில் எண்ணெயோடு ஏறினார்கள்.

டிலுக்சனாவுக்கு எடுத்தேன்.
தையல் தொழிற்சாலையில் இரவு முறையாம்.
“இனி என்னத்துக்கு மிஸ்” என்றாள், கோபமில்லாமல்.
முன்னேற்றம் என்ற நிரலில்
அவளை எழுத இடமில்லை.
அதை நான் இன்னும் சரிசெய்யவில்லை.

இந்த முறை விலகியவர்கள் நால்வர்.
இருவர் கட்டார்.
ஒருத்திக்குக் கலியாணம்.
நாலாமவன் அஸ்பான், ஓட்டமாவடி,
நடந்தே வரக்கூடிய தூரம்.
நேரே வந்து சொன்னான்:
“எனக்கு என்ஜின் மணமே பிடிக்கல்ல மிஸ்,
பேக்கரிக்குப் போறன்.”

எவ்வளவு நிம்மதியோடு எழுதினேன்
அந்தக் கட்டத்தில்,
முதன்முறையாக உண்மையாக:
ஆர்வமின்மை.